அடுப்புக்கு ஒரு கோழி

ஒரு வெள்ளிக்கிழமை காலை, குப்பை வாளியை இழுத்துக்கொண்டு வெளியே வந்த நான் எங்கள் முன்கதவின் பிடியில் ஒரு தடி தொங்குவதைக் கண்டேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடிய தடி; நடுவில் பாம்பு நெளிந்தது போல ஒரு வளைவு. உடம்பெல்லாம் சுட்டுப் பொசுக்கிய வட்டக் குறிகள். நுனியில் சிவப்பு நூல் சுற்றி, நூலில் ஒரு கோழி இறகு கட்டியிருந்தது. ஒரு கனடியக் குடிமகன் இதைக் கண்டால் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாது. நானும் கனடியக் குடிமகன்தான். நீதிபதிக்கு முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, பிறகு கேக்கும் சாப்பிட்டவன். ஆனால் அந்த நிமிடத்தில் என்னுடைய குடியுரிமை முழங்காலால் வழிந்து சப்பாத்துக்குள் போய்விட்டது. மிஞ்சி நின்றவன் ஒரு யாழ்ப்பாணத்தான். அவனுடைய வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது: செய்வினை.

"இஞ்சாருங்கோ, உதைத் தொட்டிட்டியளே?" என்று கேட்டபடி என் மனைவி சாந்தி உப்புப் போத்தலுடன் ஓடிவந்தாள். அவள் வங்கியில் வேலை செய்பவள். வீட்டுக்கடனுக்கு வரும் ஆட்களுக்கு, பயப்படாமல் நிதானமாக யோசிக்கச் சொல்லிப் புத்தி சொல்வதுதான் அவளுடைய தொழில்.

"இல்லை."

"குளிச்சிட்டுத் தொடுங்கோ. இல்லை, தொட்டிட்டுக் குளியுங்கோ. ஐயோ, எது முதல் எண்டு தெரியேல்லையே!"

கடைசியில் பார்பிகியூ இடுக்கியால் தடியின் கழுத்தைப் பிடித்துக் கழற்றினேன். கையில் அடுப்புக் கையுறை வேறு. சாந்தி ஒரு நூலில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோர்த்துக் கதவில் தொங்கவிட்டாள். அதற்கு ஆணி தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் நத்தார்ப் பண்டிகைக்கு மாலை கொழுவிய ஆணி அதிலேயே இருந்தது.

செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். யாருக்கு எங்கள் மேல் பொறாமை? இந்த இடத்தில் ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ரொறொன்ரோத் தமிழரின் படிவரிசையைச் சொல்லியாக வேண்டும். நாலு பக்கமும் காற்றுப் படும் தனிவீடு, அதாவது டிற்றாச்ட், உச்சியில். ஒரு சுவரை அயலவருடன் பங்குபோடும் செமி டிற்றாச்ட் அதற்குக் கீழே. இரண்டு பக்கமும் அயலவர் நெருக்கும் ரவுண்ஹவுஸ் அதற்கும் கீழே. பிறகு கொண்டோ. எல்லாவற்றுக்கும் அடியில், சொல்லிலும் உண்மையிலும் அடியில், பேஸ்மென்ற். நாங்கள் ஸ்காபரோ மாடிக்குடியிருப்பில் பல காலம் இருந்து, போன வருடம் இலை கொட்டும் நேரத்தில் ஸ்ரௌவ்விலில் ஒரு செமி வாங்கினோம். குடிபூரலுக்கு வந்த என் ஒன்றுவிட்ட அண்ணை, வாசலில் தூண் வைத்த தனிவீட்டுக்காரர், எங்கள் நடுச்சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "நல்லாய் இருக்குத் தம்பி. மற்றப் பாதி ஆற்றை?" என்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வுக்குள் ஒரு தூண் நின்றது.

பிறம்ரனில் ட்ரக் ஓடும் என் கூட்டாளி குகனுக்குப் போன் அடித்தேன். அவன் நெடுஞ்சாலையில் இருந்தான். எங்கள் வட்டத்தில் பேய், பிசாசு, வருமான வரி மூன்றுக்கும் அவன்தான் ஆலோசகன்.

"செமி வீட்டுக்கு ஆரடா செய்வினை செய்யிறது? செய்யிற ஆளுக்குச் செலவு கட்டாது" என்றான். பிறகு கொஞ்சம் இரங்கினான். "சரி, எதுக்கும் ஓடுற தண்ணியிலை போடு. திரும்பிப் பாக்காமல் வா."

"ஸ்ரௌவ்விலிலை ஓடுற தண்ணிக்கு எங்கை போறது? ஒரு குளம்தான் இருக்கு."

"குளம் காணும்."

"குளம் ஓடாதேயடா."

"காத்தடிச்சால் கொஞ்சம் ஓடும். நீ போ மச்சான்."

இடுக்கியுடன் காருக்குப் போகும் வழியில் வசந்தி அக்கா பக்கக் கதவால் வெளியே வந்தார். அவர்தான் எங்கள் பேஸ்மென்ற்றில் குடியிருப்பவர். மட்டக்களப்புக்காரி, தனி ஆள், பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்கிறார். அந்தத் தெருவில் அவரை யாருக்கும் நாங்கள் 'குடியிருப்பவர்' என்று சொன்னதில்லை. கீழே இருக்கும் இரண்டாவது அடுப்புக்கு நகரசபை அனுமதி எடுக்கவில்லை. முன்பிருந்தவர்களும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால் யாராவது கேட்டால் அவர் என் மாமி, விசிற்றுக்கு வந்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை மாமி ஆக்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. அவருக்குத்தான் இருந்தது.

அவர் தடியைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எறியப் போறீங்களா தம்பி? எனக்குத் தாங்களன். தக்காளிக் கன்றுக்கு முண்டு குடுக்க நல்ல கம்பு."

"அக்கா, இது செய்வினை."

"அதுக்கென்னகா, கன்றுக்குத் தெரியவா போகுது?"

வசந்தி அக்காவின் கவலை வேறு. பேஸ்மென்ற் யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. அதால் பார்த்தால் வானம் தெரியாது. எங்கள் புல்லும், புல்லுக்கு அப்பால் மூலைவீட்டுக்காரரின் பெரிய வளவும்தான் தெரியும். "இந்த நாட்டில எனக்குக் கண்ணுக்கு நேர தெரியிறது மண் மட்டும்தான் தம்பி. அதையும் தொடேலாது" என்று ஒருமுறை சொன்னார். தயிர் டப்பாக்களில் கத்தரிக் கன்றும் தக்காளிக் கன்றும் முளைக்க வைத்து அந்த யன்னலில் அடுக்கியிருந்தார். வெளிச்சம் தேடித் தேடி அவை மெலிந்து, கழுத்து நீண்டு, விமான நிலையத்தில் சொந்தக்காரரைத் தேடும் ஆட்கள் மாதிரி நின்றன. இன்னும் ஒரு கிழமைக்குள் நிலத்தில் நடாவிட்டால் சரிந்துவிடும். மூலைவீட்டு வளவில் தெருக்காரர் எல்லாரும் பாத்தி போடுகிறார்கள், ஒரு சாண் நிலம் கேட்டுத் தாருங்கள் என்று பங்குனி மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓம் ஓம் என்றுகொண்டிருந்தேன். அவருக்கு நிலம் கேட்பதென்றால் அவர் இருக்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

குளக்கரையில் ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன். இடுக்கியால் எறிய முடியவில்லை. கையுறையோடு பிடித்துச் சுழற்றி எறிந்தேன். தடி நன்றாகத் தூரம் போய் விழுந்தது. சொன்னபடி திரும்பிப் பாராமல் நடந்தேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் தண்ணீர் சளசளவென்றது. பிறகு மூச்சு. யாரோ எனக்குப் பின்னால் ஈரக் காலோடு மூச்சிரைத்தபடி வருகிறார்கள். குகன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றான். திரும்பாவிட்டால் என்ன வருகிறது என்பதை அவன் சொல்லவில்லை. தெரிந்த தேவாரத்தில் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி வரவில்லை, நான் செமிக்காரன்தானே. என் சப்பாத்தின் மேல் ஏதோ பொத்தென்று விழுந்தது. தடி. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மஞ்சள் நாய், வாலை ஆட்டிக்கொண்டு.

"அவனுக்கு உன்னைப் பிடித்துவிட்டது! இன்னொரு தரம் எறி!" என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் மரத்தடியிலிருந்து கைகாட்டினாள்.

எறிந்தேன். கொண்டுவந்தது. முழுப்பலத்தையும் கூட்டி எறிந்தேன். இன்னும் சந்தோஷமாகக் கொண்டுவந்தது. உலகத்திலேயே செய்வினையை வாலாட்டி வீட்டுக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும் பிராணி இது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குள் அந்தப் பெண் கிட்ட வந்து, நாயின் வாயிலிருந்து தடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்புக் குறைந்தது.

"இது யூர்கனின் தடியல்லவா? நேற்றுப் பின்னேரம் நான்தானே உன் கதவில் கொழுவினேன்?"

செய்வினைக்காரி என் முன்னால் நின்று நாய்க்கு பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் லின்டா, எங்கள் நடுச்சுவரின் மறுபக்கத்துக்காரி. நாங்கள் குடிவந்தது குளிர் தொடங்கும்போது. மாதக்கணக்காக நான் அவளைக் கண்டது தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவில் இரண்டு கண்களாக மட்டும். கனடாவில் அயலவர்களைச் சித்திரை வைகாசியில்தான் முதல்முறை சந்திக்கிறோம். அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நான்தான் அந்தத் தெருவில் தலையாட்டுகிற ஆள்.

அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மாசி மாதம் பனி வழித்துக்கொண்டிருந்தபோது மூலைவீட்டு யூர்கன் வேலிக்கு அப்பால் நின்று அரைமணி நேரம் எனக்கு ஏதோ விளங்கப்படுத்தினார். அறுபது வருடத்துக்கு முந்தி வந்த ஜேர்மன்காரர்; அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு கப்பலில் வந்தவை. எனக்குக் கால்விரல் விறைத்துவிட்டது. ஓம் ஓம், வெரி குட் என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினேன். அன்று அவர் சொன்னது இந்தத் தடியின் கதையைத்தான். தெருவில் கூட்டம் என்றால் யூர்கன் தடியை முதலாம் வீட்டில் கொடுப்பார். அவர்கள் இரண்டாம் வீட்டில் கொடுப்பார்கள். அப்படியே பதினாலாம் வீடு வரை. தடி வந்தால் வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவருடைய வளவில் கூட்டம். நான் எட்டாம் வீடு. எனக்குப் பிறகு ஆறு வீடு ஒன்றும் தெரியாமல் இருக்கிறது. தடி என் கையில் நாயின் பல்லடையாளத்தோடு இருக்கிறது. கோழி இறகு குளத்தோடு போய்விட்டது.

இறகு இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது? வீட்டுக்கு வந்து வாத்திறகு அடைத்த என்னுடைய குளிர்கால ஜக்கெற்றின் தையலில் ஒரு ஓட்டை போட்டு ஒரு இறகைப் பிடுங்கினேன். வந்தது ஒரு பூம்பஞ்சு. அதைச் சிவப்பு நூலில் கட்டிக்கொண்டு, ஒன்பதாம் வீட்டுக்குக் கொடுக்க முதல் மன்னிப்புக் கேட்போம் என்று யூர்கனின் கதவைத் தட்டினேன். அவர் தடியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கோழி மிகவும் மெலிந்துவிட்டது" என்றார். பிறகு, "தடி உன் வீட்டில் தூங்கியதா?" என்று கேட்டார்.

"இல்லை. குளத்தில் குளித்தது."

அவர் சிரிக்கவில்லை. தடியை ஓர் இரவு தன் வீட்டில் தூங்கவிட்டவன் கூட்டத்துக்கு பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஊர்ச் சட்டமாம். கூட்டத்துக்குப் பிந்தி வந்தாலும் பியர். கூட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினாலும் பியர். இந்தச் சட்டம் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு வந்தால் ஒருவரும் நேரத்துக்கு வரமாட்டார்கள், வந்தவர்கள் தூஷணம் தவிர ஒன்றும் பேசமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்து, ஹனோவர் பக்கத்தில் இருந்த தன் முன்னோரின் கிராமத்தை மேசையில் கரண்டிகளால் கட்டிக் காட்டினார். நடுவில் லிண்டன் மரம். அதன் கீழ்தான் கூட்டம், வழக்கு, தீர்ப்பு எல்லாம். மரத்தடியில் ஷூல்ற்ஸ என்ற ஊர்த்தலைவன். அவனைச் சுற்றி நிலக்காரர். முழு நிலம் உள்ளவன் ஃபோல்பவர், முழு விவசாயி. அதில் பாதி உள்ளவன் ஹால்ப்பவர், அரை விவசாயி. அதற்குக் கீழே கோட்டர்: ஒரு குடிசை, ஒரு சின்னத் தோட்டம், ஒரு மாடு. எல்லாருக்கும் அடியில் ஐன்லீகர்: மற்றவன் வீட்டு மூலையில் வாடகைக்கு ஒண்டி, அந்த வீட்டுக்காரனுக்கே வேலை செய்கிறவன். தேவாலயத்தில் முன் வாங்கு முழு விவசாயிக்கு. ஐன்லீகருக்குக் கதவடியில் நிற்க இடம். முழு விவசாயியின் மகள் அரை விவசாயியின் மகனைப் பார்த்துச் சிரித்தால் இரண்டு தலைமுறைக்குக் கதை.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சொந்தக்கார உணர்ச்சி ஓடியது. முப்பது வருடமாக வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே அளவில் வெட்டிய பாண் துண்டுகள் என்று நம்பியிருந்தேன். இவர்களும் நம்மைப் போலத்தானா! முழு, அரை, குடிசை, ஒண்டு. டிற்றாச்ட், செமி, ரவுண்ஹவுஸ், பேஸ்மென்ற். என் ஒன்றுவிட்ட அண்ணை எங்கள் சுவரைத் தட்டியபோது அவருக்குள் இருந்து தட்டியது ஒரு ஜேர்மன் முழு விவசாயி! உற்சாகத்தில் நான் அரை விவசாயி என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். யூர்கன் மரியாதையாகத் தலைகுனிந்தார்.

"உன் ஊரில் உன் குடும்பம் எந்த இடத்தில் இருந்தது?" என்று கேட்டார்.

கோப்பி மூக்குக்குள் ஏறிவிட்டது. இந்தக் கேள்வியை நான் ரொறொன்ரோக் கலியாண மண்டபங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! "தம்பி எவடம்?" என்று தொடங்குவார்கள். ஊரைச் சொன்னால், "ஊரிலை எந்தப் பக்கம்?" என்பார்கள். பக்கத்தைச் சொன்னால், "கோயிலுக்குக் கிழக்காலையோ மேற்காலையோ?" என்பார்கள். அந்தத் திசைகாட்டி எதைக் காட்டுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும், நடுவில் இருக்கும் வடைக்கும் தெரியும். ஊரில் இருந்தபோது ஊர் அதிகாரியான எங்கள் விதானையார் வீட்டுக்குப் போனால் சிலருக்குக் கதிரை, சிலருக்கு வாங்கு, சிலருக்கு வாசல்படி. ஒருவரும் சொல்லித்தருவதில்லை, கால்கள் தாமாகவே அந்தந்த இடத்தில் நின்றுவிடும். யூர்கனுக்கு நான் என்ன சொல்வது? "நடுவில்" என்றேன். எல்லாத் தமிழனும் அப்படித்தான் சொல்வான். மேலே இருந்தவன் அடக்கத்துக்காக, கீழே இருந்தவன் நிம்மதிக்காக.

"உங்கள் குடும்பம்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் கரண்டிகளைக் கூட்டி அள்ளி லாச்சிக்குள் போட்டார். "நாளைக்கு வா" என்றார். திரும்பும் வழியில் தடியை ஒன்பதாம் வீட்டில் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக் கூட்டத்துக்கு நாங்கள் பத்து நிமிடம் முந்திப் போனோம். தமிழ் வரலாற்றிலேயே பியருக்குப் பயந்து நேரத்துக்குப் போன முதல் குடும்பம் நாங்களாக இருக்கலாம். யூர்கனின் வளவு பழைய பண்ணைவீட்டோடு சேர்ந்தது. சுற்றிவரப் புதுவீடுகள் முளைத்தபோதும் அவர் விற்கவில்லை. இப்போது முழங்கால் விடுவதில்லை என்பதால் தெருக்காரருக்குப் பாத்தி பிரித்துக் கொடுக்கிறார். வளவின் நடுவில் உண்மையாகவே ஒரு லிண்டன் மரம். அதன் கீழ் மடக்குக் கதிரைகள். எனக்கு எது கதிரை, எது வாங்கு, எது வாசல்படி என்று தெரியாமல் கால்கள் குழம்பின. சாந்தி என்னை இழுத்து லின்டாவுக்குப் பக்கத்தில் இருத்தினாள். எனக்கு நேர் எதிரே ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் உற்றுப் பார்த்தபடி இருந்தார். அவரை நான் முன்பு கண்டதில்லை.

யூர்கன் தடியால் மரத்தில் தட்டினார். பாத்தி பிரிக்கும் முறை ஒன்றுதான், அதுவும் பழைய முறை என்றார். அந்தக் காலத்தில் ஊரில் உரிமை ஆளுக்கு அல்ல, அடுப்புக்கு. புகை எழும்புகிற ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு பங்கு; அந்த அடுப்பு வருடத்துக்கு ஒரு கோழி கடன். புரட்டாதியில் அடுப்புக்கு ஒரு பொரித்த கோழி கொண்டுவந்தால் போதும். "நீ புதியவன். உன் வீட்டில் எத்தனை அடுப்பு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் மஞ்சள் மேற்சட்டையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நகரசபைப் பரிசோதகர்! எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. தடி, நாய், கோப்பி, கரண்டி எல்லாமே பேஸ்மென்ற் அடுப்பைப் பிடிக்கப் போட்ட பொறி. அபராதம், அடுப்பைக் கழற்று என்ற கட்டளை, வசந்தி அக்காவை வீட்டால் எழுப்பு என்ற கட்டளை, கடைசியில் என் ஒன்றுவிட்ட அண்ணையின் 'ஓ', எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. வசந்தி அக்காவுக்கு நேற்று இரவு நான் வாக்குக் கொடுத்திருந்தேன், நாளைக்குக் கட்டாயம் கேட்பேன் என்று. அந்தக் கழுத்து நீண்ட கத்தரிக் கன்றுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆனால் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"ஒன்று. ஒரே ஒரு அடுப்பு. சின்ன அடுப்பு."

சாந்தி என் தொடையில் நுள்ளினாள். ஏன் சின்ன அடுப்பு என்று சொன்னேன் என்பதற்காகவா, ஒன்று என்று சொன்னதற்காகவா என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. எங்கள் வீட்டின் பக்கமிருந்து, நிலமட்டத்தில், மெல்ல ஊர்ந்து ஒரு வாசனை வந்தது. கருவாடு. வெங்காயத்தோடும் பழப்புளியோடும், தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கும் மட்டக்களப்புக் கருவாடு. கதிரைகளில் இருந்த மூக்குகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. லின்டாவின் நாய் எழுந்து நின்றது.

யூர்கன் மூச்சை உள்ளே இழுத்தார். "நீ இங்கே. உன் மனைவி இங்கே. சமைப்பது யார்?"

"ரைமர் வைத்துவிட்டு வந்தோம்" என்றேன்.

இதைச் சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அப்பாலிருந்து வசந்தி அக்காவின் குரல் கேட்டது. ஒரு கையில் அகப்பை, மறுகையில் தயிர் டப்பா. "தம்பி, கேட்டீங்களா? கறி அடுப்பில கிடக்கு, கெதியாச் சொல்லுங்க!"

அகப்பையிலிருந்து குழம்பு ஒரு துளி வேலியில் விழுந்தது.

"அவர் என் மாமி... விசிற்றுக்கு..." என்று தொடங்கினேன், ஆங்கிலத்தில்.

"இலை கொட்டின காலத்திலிருந்தா?" என்று லின்டா கேட்டாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் சுவருக்குக் கீழால் இந்த வாசனை வருகிறது. என் நாய் அன்றைக்கு வேறு சாப்பாடு சாப்பிடுவதில்லை."

மஞ்சள் மேற்சட்டை கையை உயர்த்தியது. "எங்கள் வீட்டிலும் இரண்டுதான். கீழே என் மைத்துனன்" என்றார் அவர். அவர் பன்னிரண்டாம் வீட்டுக்காரர். பாடசாலை பஸ் ஓடுபவர், சனிக்கிழமையும் ஒரு சுற்றுலா ஓட்டம் ஓடிவிட்டு நேரே வந்தவர். பிறகு மூன்றாம் வீட்டு அம்மா தொண்டையைச் செருமி, தனக்கும் இரண்டு என்றார். பத்தாம் வீட்டில் மூன்று. ஒழுங்கான கனடியத் தெரு என்று நான் பயந்து பயந்து நடந்த தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு முழுசாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் கணக்குத் தொடங்கியது. அடுப்புக்கு ஒரு பாத்தி என்றால் ஒவ்வொருவரின் பாத்தியும் சுருங்கும். முதலாம் வீட்டுக்காரர், பூசணிக்காய் வளர்ப்பவர், எழுந்தார். வீட்டுக்கு ஒன்றுதான் நியாயம், வாடகைக்கு இருப்பவர்கள் இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்குப் போவார்கள் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். வசந்தி அக்காவுக்கு ஆங்கிலம் முழுதாக விளங்காவிட்டாலும் தலைகள் ஆடும் விதம் விளங்கியது. அவர் தயிர் டப்பாவை அகப்பைக் கைக்குப் பின்னால் மறைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதி ஞாபகம் வந்தது. பத்தொன்பது வயதில் வந்திறங்கி, ஒரு தமிழ் அண்ணையின் பேஸ்மென்ற்றில் ஐந்து பேரோடு ஒண்டியிருந்த காலம். அவருடைய வீட்டுக்கு வெள்ளைக்காரர் யாராவது வந்தால் மேலேயிருந்து காலால் நிலத்தில் தட்டுவார். உடனே நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்தும் வேகாத சோற்றைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த அண்ணையை அன்றைக்கு எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்! இன்று அவருடைய கால் என்னுடைய காலில் முளைத்திருந்தது.

யூர்கன் பூசணிக்காய்க்காரரை இருக்கச் சொல்லிக் கைகாட்டினார். என்னைப் பார்த்தார். "நேற்று நீ கேட்டாய், என் குடும்பம் எந்த இடத்தில் என்று" என்றார். பிறகு வேலியைத் தடியால் காட்டினார். "அங்கே. லிண்டன் மரத்தைச் சுற்றி ஒரு தாழ்ந்த வேலி இருந்தது. உள்ளே நிலக்காரர் பேசுவார்கள். என் பாட்டனாரின் முன்னோர் ஐன்லீகர். வேலிக்கு வெளியே நின்று கேட்கலாம், வாய் திறக்கக்கூடாது. எங்களைப் பற்றிய தீர்ப்பையும் அப்படித்தான் கேட்டார்கள்." ஷூல்ற்ஸவாக நடித்த மனிதருக்குள் இருந்தது, வேலிக்கு வெளியே நின்ற ஆள். "எனக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கும்," என்றார், "வேலியைத் தவிர. அடுப்புக்கு ஒன்று என்பவர்கள் கையை உயர்த்துங்கள்."

என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு: மற்றவர்கள் உயர்த்தின பிறகு உயரும். அன்றைக்கு அது முதலாவதாக உயர்ந்தது. வீரம் என்று நினைக்காதீர்கள். அடுப்புக் கையுறை நேற்றிலிருந்து என் ஜக்கெற் பைக்குள்ளேயே கிடந்தது. பதற்றத்தில் அதைப் போட்டுக்கொண்டே உயர்த்தியிருக்கிறேன். பெரிய பூப்போட்ட கையுறை, எல்லாருக்கும் தெரிந்தது. சாந்தி உயர்த்தினாள். லின்டா தன் கையையும் நாயின் காலையும் உயர்த்தினாள். மஞ்சள் மேற்சட்டை. மூன்றாம் வீடு. கடைசியாகப் பூசணிக்காய்க்காரரின் மனைவி, அவரைப் பாராமல்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

"கறி அடிப்பிடிக்கும் தம்பி."

"பிடிக்கட்டும். கதிரை இருக்கு."

அவர் சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்துவிட்டு, அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு லிண்டன் மரத்தடியில் இருந்தார். யூர்கன் என் வீட்டுக்கு இரண்டு புகை, இரண்டு பாத்தி, இரண்டு கோழி என்று அறிவித்தார். குளத்துக்குப் போன தடிக்காகத் தனியாக பியர். சீட்டுக் குலுக்கியதில் வசந்தி அக்காவுக்கு நாள் முழுவதும் வெயில் விழும் பாத்தி; அரை விவசாயியான எனக்கு மரநிழலில் ஒரு பாத்தி. அதில் இந்த வருடம் விளைந்தது ஒரு கைப்பிடி புதினாவும் நிறைய வெட்கமும். கத்தரி முழுக்க அவருடைய பக்கத்திலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு மேலே வந்தது. ஐன்லீகர் கொடுத்து நிலக்காரன் சாப்பிட்டான். பேஸ்மென்ற் அடுப்பைப் பதிவு செய்யும் வேலையைச் சாந்தி தொடங்கியிருக்கிறாள். மஞ்சள் மேற்சட்டை கண்டால் நான் இன்னும் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுகிறேன்.

புரட்டாதி பிறந்து இன்று காலை முன்கதவைத் திறந்தேன். தடி. கோழி கொண்டுபோகும் காலம். அந்த வெள்ளிக்கிழமை கட்டிய தேசிக்காயும் மிளகாயும் காய்ந்து சுருங்கிவிட்டன, ஆனாலும் சாந்தி அவற்றைக் கழற்ற விடவில்லை. லின்டா இம்முறை தடியைப் பிடியில் கொழுவாமல் அதே நத்தார் ஆணியில், தேசிக்காய்க்குப் பக்கத்தில் கொழுவியிருந்தாள். இரண்டும் காற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. வெறுங்கையால் எடுத்தேன். அடுப்புக்கு அடுப்பு போகும் புதிய ஒழுங்கின்படி இது அடுத்துப் போகவேண்டியது ஒன்பதாம் வீட்டுக்கு அல்ல, என்னுடைய சொந்த வீட்டின் பக்கக் கதவுக்கு.

முன்கதவுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில், புல்லில், கொஞ்ச நேரம் நின்றேன். எந்த வீட்டிலும் ஓர் இரவுகூடத் தூங்கக்கூடாத அந்தத் தடியைத் திருப்பிப் பார்த்தேன்: சூட்டுக் காயங்கள், நாயின் பல், வேறொரு பறவையின் இறகு. ஊர், பார்க்டேல், ஸ்காபரோ, இங்கே. எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

பக்கக் கதவைத் தட்டினேன். உள்ளே தாளிதம் சத்தம் நின்றது.

"ஆரது?"

வீட்டுக்காரன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கையில் தடி இருந்தது.

"அயல்வீடு" என்றேன்.